முகத்திற்குத் தேவை மூன்று



ஆடிக் கிருத்திகையன்று திருத்தணிக்கு வந்தால், மலையேறும் முன் அடிவாரத்தில் சற்று நில்லுங்கள். புஷ்பக் காவடிகளைப் பார்ப்பதோடு, அப்போதுதான் முடியிறக்கிக்கொண்டு வருகிறவர்களையும் பாருங்கள். தலையில் சந்தனம் பூசுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். ஒரே மனிதரிடம் இரண்டு நிறங்கள் தெரியும். நெற்றி வரை ஒரு நிறம். அதற்கு மேல், முடி இருந்த இடத்தில் அதைவிட வெளிறிய இன்னொரு நிறம். வயலில் வேலை செய்யும் பெரியவர்களிடம் இந்த வேறுபாடு கோடு போட்டதுபோல் இருக்கும்.

உடல் ஒன்றுதான், உண்ணும் உணவும் ஒன்றுதான். பின் ஏன் இரண்டு நிறம்? தலையின் தோல் இத்தனை நாள் முடியின் நிழலில் இருந்தது. முகம் வெயிலில் இருந்தது. இந்தக் காட்சியைச் சரியாகப் புரிந்துகொண்டால், முகத்திற்கு எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். அழகுக் குறிப்பு எழுத இவருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு காரணம், நம் முகத்தில் ஒளியும் வெப்பமும் ஆவியாதலும் நாள்தோறும் வேலை செய்கின்றன. இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நிறம் ஒரு காவல்

நம் கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறத்துக்கு அப்பால், 400 நானோமீட்டருக்கும் குறைவான அலைநீளம் கொண்டவை புற ஊதாக் கதிர்கள். இவற்றில் மிகக் குறுகிய அலைநீளம் உள்ளவற்றை ஓசோன் படலம் தடுத்துவிடுகிறது. எஞ்சியவை தரைக்கு வருகின்றன. இவை தோல் செல்களுக்குள் உள்ள டி.என்.ஏ.வைச் சிதைக்கக் கூடியவை.

இதைத் தடுக்க நம் உடல் ஒரு குடையை விரிக்கிறது. அதன் பெயர் மெலனின். மேல்தோலின் அடியில் உள்ள செல்கள் இந்த நிறமியை உண்டாக்கி அண்டைச் செல்களுக்கு அளிக்கின்றன. புற ஊதாக் கதிர்களை அது உட்கொண்டு, வெப்பமாக மாற்றிவிடுகிறது. வெயில் கூடினால் குடையும் கனக்கிறது, முகம் கறுக்கிறது. மெலனினை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை எல்லா நாட்டு மக்களுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை எவ்வளவு மெலனினை, எவ்வகையில் உண்டாக்குகின்றன என்பதில்தான் வேறுபாடு.

உங்கள் மேல்கையின் உட்புறத்தைப் புறங்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உட்புறத்தில் தெரிவதே உங்களுடைய பிறவி நிறம். வெயிலைக் குறைத்தால் முகம் மெல்ல அந்த நிறத்தை நோக்கித் திரும்பும். அதற்கும் மேலே வெளுக்க வைப்பதாக ஒருவர் சொன்னால், உங்கள் குடையைக் கிழிக்க அவர் காசு கேட்கிறார் என்று பொருள்.

நிழலே அளவுகோல்

வெயில் எவ்வளவு சுடுகிறது என்பதைக் கொண்டு புற ஊதாக் கதிர்களை அளக்க முடியாது. காற்று குளிர்ந்து வீசும் நாளிலும், மெல்லிய மேகம் மூடிய நாளிலும் அவை வந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் நிழலைக் கொண்டு ஓரளவு அளக்கலாம். சூரியன் உயர உயர அதன் கதிர்கள் கடக்கும் காற்றின் தடிமன் குறைகிறது. புற ஊதாக் கதிர்கள் அதிகமாகத் தரையை எட்டுகின்றன. அப்போது நிழலும் குறுகுகிறது. ஆகவே விதி எளிது: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால், முகத்திற்கு நிழல் தேவை.

திருத்தணி வட அட்சம் சுமார் 13.2 பாகையில் உள்ளது. எனவே ஏப்ரல் 25ஐ ஒட்டியும் ஆகஸ்டு 18ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வருகிறது. சமதளத்தில் நேராக நட்ட கோலுக்கு அந்தக் கணம் நிழலே விழாது. ஆடிக் கிருத்திகைக் கூட்டம் படியேறுவது இரண்டாவது நாளுக்குச் சற்று முன்னால்தான்! ஏப்ரல் இறுதியில் காலை சுமார் 9 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை நம் நிழல் நம்மைவிடக் குட்டை. டிசம்பரிலும் ஏறத்தாழ பத்தரை மணியிலிருந்து இரண்டு மணி வரை அப்படித்தான். மார்கழி வெயில் இதமானது என்று ஏமாந்துவிடாதீர்கள். ஒரு மீட்டர் கோலும் கடிகாரமும் கொண்டு உங்கள் ஊரில் இதை நீங்களே அளந்து பாருங்கள்.

ஏழு நாளில் எப்படி வெளுக்கும்?

இனி, நான் சொல்வதாகக் கூறிய நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். கணக்கில் கெட்டி. ஒரு நாள் முகம் சிவந்து, கன்னமெல்லாம் எரிச்சலோடு வந்தாள். வெயிலில் நிற்கவே முடியவில்லை என்றாள். விசாரித்தபோது, தெரிந்தவர் ஒருவர் மூலம் வாங்கிய கிரீமை இரண்டு மாதம் பூசியிருக்கிறாள் என்று தெரிந்தது. சின்ன வெள்ளை டப்பா. பெயர்ச் சீட்டே இல்லை. முதல் வாரமே முகம் பளிச்சென்று ஆனதாம். நிறுத்தியபோதுதான் எரிச்சல் தொடங்கியிருக்கிறது. தோல் மருத்துவர் அது ஸ்டீராய்டு கலந்த கிரீமின் விளைவு என்றார். தேறுவதற்குப் பல மாதங்கள் ஆயின.

"ஏம்மா இதைப் பூசினே?" என்று கேட்டேன்.

"கல்லூரி விழாவுக்கு வரவேற்புல நிக்க ஆள் எடுத்தீங்களே சார். சிவப்பா இருக்கிறவங்களாப் பார்த்துத்தானே எடுத்தீங்க?" என்றாள்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தப் பட்டியலை நான் தயாரிக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டவன் நான்தான். பன்னீர்ச் செம்பையும் சந்தனக் கிண்ணத்தையும் ஏந்தி நிற்க நிறம் எதற்கு என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மெலனினைப் பற்றிப் பாடம் நடத்தத் தெரிந்த எனக்கு, அதைப் பட்டியலில் பார்க்கத் தெரியவில்லை. ஆகவே இந்தக் கிரீம் வியாபாரத்தில் குற்றவாளிகள் விற்பவர்கள் மட்டுமல்லர், பெரியவர்களாகிய நாங்களும்தான்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையில் ஒரு குறிப்பிட்ட சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். உடல் வீக்கமும், சிறுநீரில் புரதம் கழிவதால் வரும் நுரையும் இந்நோயின் அடையாளங்கள். இவர்களில் 15 பேருக்கு, அபூர்வமாகக் காணப்படும் ஒரே வகைப் பாதிப்பு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். கிரீமை நிறுத்தியபின் பெரும்பாலோர் தேறினர். இந்த ஆய்வு 2024இல் வெளியாயிற்று. இதற்குக் காரணமாக மருத்துவர்கள் காட்டுவது பாதரசம்.

தெர்மாமீட்டரில் நாம் பார்த்த அதே தனிமந்தான் பாதரசம். அதன் உப்புகள் மெலனினை உண்டாக்கும் நொதியைச் செயலிழக்கச் செய்கின்றன, தோல் வெளுக்கிறது. ஆனால் அவை தோலோடு நிற்பதில்லை. உட்சென்று சிறுநீரகத்தில் சேர்கின்றன. ஜப்பானின் மினமாட்டா நகரில் பாதரசக் கழிவால் நேர்ந்த கொடுமையின் நினைவாக, 2013இல் உருவான உலக ஒப்பந்தத்துக்கு அந்த நகரின் பெயரையே வைத்தார்கள். வெளுக்க வைக்கும் பாதரசக் கிரீம்களுக்கு அது தடை விதித்தது. முகக் கிரீமில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியாவின் 2020ஆம் ஆண்டு விதி. அதாவது 25 கிலோ அரிசி மூட்டைகள் நாற்பதில், ஒரு கிராம். ஏறத்தாழ ஐம்பது அரிசி மணிகள்!

எல்லாச் சிவப்பழகு கிரீமிலும் பாதரசமோ ஸ்டீராய்டோ இருப்பதாக நான் சொல்லவில்லை. முறையாக உரிமம் பெற்று விற்கப்படுபவை வேறு, பெயரற்ற டப்பா வேறு. ஆனால் அந்த டப்பாவுக்குச் சந்தை எங்கிருந்து வந்தது? 1975இல் நம் நாட்டில் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற கிரீம் விற்பனைக்கு வந்தது. கறுப்பாயிருந்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, வெளுத்த பின் கிடைக்கும் என்ற பாணியில் விளம்பரங்கள் வந்தன. 2020இல்தான் அந்நிறுவனம் 'ஃபேர்' என்ற சொல்லை நீக்கி 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாற்றியது. 45 ஆண்டுகள் ஊட்டிய எண்ணம் ஒரு சொல்லை மாற்றியதால் போய்விடுமா?

ஒரு கணக்கை மட்டும் நினைவில் வையுங்கள். மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது. 'ஏழே நாளில் சிவப்பு' என்றால், ஒன்று அது பொய். அல்லது உள்ளே கடுமையான மருந்து இருக்கிறது. வேகம்தான் முதல் எச்சரிக்கை.

அப்படியானால் எது போதும்?

உங்கள் வயதில் முகத்திற்குத் தேவையானவை மூன்று: கழுவுதல், வறண்டால் ஈரம் காத்தல், நிழல்.

முதலாவது, கழுவுதல். காலையிலும் மாலையிலும், விளையாடி வியர்த்த பின்னும் கழுவினால் போதும். சோப்பு பற்றி ஒரு சோதனை செய்யுங்கள். வெள்ளைத் தாளில் மஞ்சள் குழைத்துப் பூசிக் காய வையுங்கள். அதன்மேல் குளியல் சோப்பு கரைத்த நீரை ஒரு சொட்டு விடுங்கள். மஞ்சள் சிவப்பாக மாறும். சாதாரணச் சோப்பு ஒரு காரம்; அதன் பி.எச். 9 முதல் 10 வரை. நம் தோலோ சற்று அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். சுமார் 5. பி.எச். அளவில் நான்கு படி என்றால் பத்தாயிரம் மடங்கு வேறுபாடு! ஆகையால் நாளைக்கு ஐந்து முறை சோப்புப் போடுவது தூய்மை ஆகாது. தோலின் எண்ணெயைக் களைந்து அதைப் புண்படுத்துவதே ஆகும். மஞ்சள் தாளைச் சிவக்க வைக்காத முகம் கழுவும் திரவம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், ஒரு வேளை சோப்பு, மற்ற வேளை வெறும் தண்ணீர்.

பரு அழுக்கால் வருவதன்று. பருவ வயதின் ஹார்மோன்களால் எண்ணெய் அதிகம் சுரந்து, துளைகள் அடைபடுவதால் வருவது. கிள்ளினால் தழும்புதான் மிஞ்சும். தலைக்கு வைத்த எண்ணெய் நெற்றியில் வழிந்தாலும் பரு கூடும், துடைத்துவிடுங்கள். வலியோடு கட்டி கட்டியாக வந்தால் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குச் செல்லுங்கள்.

இரண்டாவது, ஈரம். கழுவியதும் முகத்தை ஒற்றித் துடைத்து, ஈரம் முழுவதும் காயுமுன் மெல்லிய பூச்சு ஒன்று தடவினால், அது நீர் ஆவியாவதைத் தடுக்கும். பூச்சு ஈரத்தைத் தருவதில்லை, காக்கிறது. நம் ஊர் உக்கிர வெயிலில் எண்ணெய் வழியும் முகத்திற்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. மார்கழியில் கன்னம் வெளிறி இழுக்கும்போது மட்டும் பூசலாம்.

மூன்றாவது, நிழல். அடர்ந்த துணியாலான கறுப்புக் குடை சிறந்த சாதனம். அதையும் மீறிக் கொஞ்சம் கதிர்கள் வரும். வானத்தை நீலமாகக் காட்டும் அதே ஒளிச்சிதறல் புற ஊதாக் கதிர்களை இன்னும் அதிகமாகச் சிதறடிப்பதால், அவை பக்கவாட்டிலிருந்தும் வருகின்றன. நெடுநேரம் வெளியில் விளையாடுகிறவர்கள் சன்ஸ்கிரீன் பூசலாம். அதில் எஸ்.பி.எப். 30 என்றால், தோலைச் சிவக்க வைக்கும் கதிர்களில் முப்பதில் ஒரு பங்கு மட்டும் உள்ளே வரும். 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு. அதாவது 3.3 சதவீதமும் 2 சதவீதமும். இந்தச் சிறு வேறுபாட்டிற்காக இரு மடங்கு விலை கொடுக்க வேண்டுமா என்று நீங்களே கணக்குப் போடுங்கள். மெல்லியதாகப் பூசினால் எந்த எண்ணும் பயன் தராது.

செய்யக் கூடாதவையும் உண்டு. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். அதிலுள்ள சில பொருள்கள் புற ஊதாக் கதிரோடு சேர்ந்து தோலைக் கொப்புளிக்க வைக்கும். தயாரித்தவர் முகவரி, உரிம எண், உட்பொருள்கள், காலாவதி நாள் ஆகியவை இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். உட்பொருள்களில் 'மெர்குரி', 'கலோமல்' என்ற சொற்கள் இருந்தாலும் வேண்டாம். ஸ்டீராய்டு கிரீம் மருத்துவர் சீட்டுக்கு உரியது. தோழி கொடுத்தாள் என்று பூசாதீர்கள். பவுடர் பூசுவதில் பெரும் தீங்கில்லை. ஆனால் அது தோலை வெளுக்க வைப்பதில்லை. கண்ணாடியைப் பொடித்தால் வெள்ளையாகத் தெரிவதுபோல, பொடித்துகள்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. கழுவினால் போய்விடும் வெண்மை அது.

அந்த மாணவி பட்டம் பெற்றுவிட்டாள். இப்போது எங்கள் துறையில் விழா நடந்தால், வரவேற்புக்குப் பெயர்களைச் சீட்டுக் குலுக்கி எடுக்கிறோம். உங்கள் பள்ளியில் நிறம் பார்த்து ஆள் எடுத்தால், பணிவாக, ஆனால் தெளிவாக ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், மெலனின் குறைவாக இருந்தால்தான் பன்னீர் தெளிக்க வருமா?" பதில் சொல்ல எங்களால் முடியாது. முடியக் கூடாது.