நான்கு மூலைகளையும் பாருங்கள்



களத்துமேட்டில் நிற்கும் முதியவர் ஒருவர், தொலைவில் வருபவர் யாரென்று அறிய விரும்பினால் என்ன செய்கிறார்? நெற்றியின்மேல் உள்ளங்கையைக் கவிழ்த்துக்கொள்கிறார். கதிரவன் அவர் பார்க்கும் இடத்தில் இல்லை. சற்று மேலே, ஒரு பக்கமாக இருக்கிறான். ஆயினும் அவ்வொளி கண்ணுக்குள் புகுந்து காட்சி முழுவதையும் வெளிறச் செய்கிறது. கை அதைத் தடுத்ததும், வருபவரின் முகம் துலங்குகிறது. கேமரா லென்ஸின் முன்னால் மாட்டப்படும் ‘ஹூட்’ என்னும் கறுப்பு வளையம் செய்வதும் இதே வேலைதான்.

நம் இல்லங்களில் பீரோவின் அடித்தட்டில் உறங்கிக்கிடந்த பழைய கேமராக்கள் அண்மைக் காலத்தில் மீண்டும் வெளியே வருகின்றன. தாத்தாவின் லென்ஸை எடுத்து, அடாப்டர் வளையம் ஒன்றின் துணையால் புதிய டிஜிட்டல் கேமராவில் மாட்டிப் படம் எடுக்கும் இளைஞர்கள் பலர். அவர்கள் என்னிடம் கொண்டுவரும் குறை பெரும்பாலும் ஒன்றே: “ஃபாதர், படம் பனி மூடியதுபோல் வெளிறிப்போகிறதே!” ஹூட் மாட்டுங்கள் என்பேன். ஆனால் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் செய்த பிழையொன்று நினைவுக்கு வரும். அதையும் சேர்த்துச் சொல்வதே முறை.

முதலில், பழைய லென்ஸுக்கு ஹூட் ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது? கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும், வரும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காடு திருப்பி அடிக்கப்படுகிறது. எட்டுப் பரப்புகள் கொண்ட ஒரு லென்ஸில், பூச்சு ஏதும் இல்லையெனில், கால் பங்குக்கு மேற்பட்ட ஒளி இவ்வாறு வழிதவறுகிறது. அதில் ஒரு பகுதி கண்ணாடிகளுக்கு இடையே முன்னும் பின்னும் மோதி, இறுதியில் பிலிமின்மேல் எங்கும் பரவி விழுகிறது. கறுப்பாக இருக்கவேண்டிய இடம் சாம்பல் நிறமாகிறது. படத்தை மூடும் பனி அதுவே.

இதற்கு மருந்து கண்டவர்களின் வரலாறு சுவையானது. 1890களில் டென்னிஸ் டெய்லர் என்னும் ஆங்கில லென்ஸ் வல்லுநர், காலத்தால் மங்கி நிறம் மாறிய பழைய லென்ஸ் புதியதைவிட மிகுந்த ஒளியை உள்ளே விடுவதைக் கண்டு வியந்தார். மேற்பரப்பில் படிந்த அந்த மெல்லிய படலமே ஒளி திரும்பி அடிப்பதைக் குறைத்திருந்தது. 1935இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்மகுலா, அத்தகைய படலத்தை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் பூசும் முறையை உருவாக்கினார். பின்னர் ஒன்றின்மேல் ஒன்றாகப் பல படலங்களைப் பூசும் முறை வந்தது. ஜப்பானின் அசாஹி நிறுவனம் 1971இல் தன் டாகுமார் லென்ஸ்களுக்கு அதைக் கொண்டுவந்தது. பழைய லென்ஸ்களில் மிகப் பலவும் ஒரே படலம் கொண்டவை, அல்லது படலமே அற்றவை. ஆகவே அவற்றுக்கு நெற்றிமேல் வைக்கும் கை இன்றியமையாதது. லென்ஸில் தெரியும் நீலம் அல்லது ஊதாச் சாயல் அழுக்கன்று, அப்படலமே அது. அதை வேட்டி முனையால் அழுத்தித் துடைத்துவிடாதீர்கள்.

இனி ஹூட்டைப் பொருத்தும் முறை. எடுத்துக்காட்டாக, ஹீலியோஸ் 44-2 என்னும் சோவியத் லென்ஸைக் கொள்வோம். செனித் கேமராக்களோடு வந்தது இது. சைஸ் நிறுவனத்தின் பயோட்டார் லென்ஸை அடியொற்றிச் செய்யப்பட்டது. இதன் முகப்பில் 58 என்னும் எண் இருக்கும். அதைக் கண்டு 58 மி.மீ. ஹூட் வாங்கி வந்து, பொருந்தவில்லையே என்று திகைப்பவர் உண்டு. அந்த எண் குவியத் தூரத்தைக் குறிப்பது. ஹூட் மாட்டும் மரையின் விட்டம் 49 மி.மீ. பல லென்ஸ்களில் விட்டத்தின் அளவு, குறுக்குக் கோடிட்ட ஒரு வட்டக் குறியோடு பொறிக்கப்பட்டிருக்கும். குறி இல்லையெனில், அளவுகோலை முன்முகத்தில் வைத்து உள்விளிம்பை அளந்துகொள்ளுங்கள்.

விட்டம் சரியாக இருந்தும் ஹூட் ஒரு சுற்றுக்கு மேல் ஏறாமல் இறுகுவதுண்டு. பழைய சோவியத் லென்ஸ்கள் பலவற்றில் மரைக்கும் மரைக்கும் இடையே உள்ள தூரம் 0.5 மி.மீ.; இன்று கடையில் கிடைப்பவற்றில் 0.75 மி.மீ. என்பதே வழக்கம். அங்கே வலிமையைக் காட்டலாகாது. மென்மையான அலுமினிய மரை ஒருமுறை சிதைந்தால் மீளாது. இறுகிய இடத்தில் நிறுத்துங்கள். அசையாமல் நின்றால் அதுவே போதும். நில்லாவிட்டால், லென்ஸின் வெளிவிளிம்பைப் பக்கத் திருகால் கவ்விப் பிடிக்கும் ஹூட்டைத் தேடுங்கள்.

மாட்டும்போது முதலில் இடப்புறமாக மெல்லத் திருப்புங்கள். மரையின் தொடக்கங்கள் சந்திக்கையில் ‘டக்’கென்று ஒரு சிறு இறக்கம் விரலுக்குத் தெரியும். அதன்பின் வலப்புறம் திருப்பினால் கோணாமல் ஏறும். கரகரப்பு இருந்தால் எண்ணெய் விடாதீர்கள். அது கண்ணாடிக்குப் பரவும். பென்சில் முனையை மரையில் சற்றே தேய்த்து, உதிரும் தூளை ஊதிவிட்டால் போதும். குவியத்தைத் திருப்பும்போது முன்முகமும் சேர்ந்து சுழலும் லென்ஸ்களுக்கு வட்டமான ஹூட் மட்டுமே ஆகும். பூவிதழ் போல் வெட்டியது ஆகாது. ஹூட்டின் உட்புறம் பளபளப்பின்றிக் கறுப்பாக இருத்தல் வேண்டும். பழையதில் சாயம் உதிர்ந்து அலுமினியம் மின்னினால், கறுப்பு வெல்வெட் தாளை உள்ளே ஒட்டுங்கள். இல்லையெனில் ஒளியைத் தடுக்க வைத்த பொருளே ஒளியை உள்ளே அனுப்பும்.

இத்தனையும் எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் ஹூட் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பதில்தான் தவறினேன்.

2016ஆம் ஆண்டு, எங்கள் பங்கிலுள்ள ஒரு குடும்பத்தில் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் யாவரும் நெடுநாளுக்குப் பின் ஒன்றுகூடினர். பாட்டிக்கு எண்பதைக் கடந்த வயது. காலஞ்சென்ற தாத்தா வைத்திருந்த செனித் கேமராவாலேயே குடும்பப் படம் எடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. “சாமி, நீங்களே எடுத்துக் குடுங்க” என்றார். எனக்கும் மகிழ்ச்சி. இளமையில் கற்ற கலை; விட்டுப்போய் நெடுநாளாகியிருந்தது.

வீட்டு முற்றம் கிழக்கு நோக்கியது. மாலையில்தான் எல்லாரும் கூட முடியும் என்றார்கள். அப்போது வெயில் அவர்களின் பின்புறமிருந்து, கூரைக்குச் சற்று மேலாக லென்ஸை நோக்கி வரும். ஆகவே ஹூட் கட்டாயம் தேவை. நீளமானது மிகுதியாக மறைக்கும் என்று எண்ணி, ஏறத்தாழ 4 செ.மீ. நீளமுள்ள நேர்குழல் ஒன்றை வாங்கினேன். அதைச் சோதித்தும் பார்த்தேன். அந்த லென்ஸை என்னிடமிருந்த டிஜிட்டல் கேமராவில் மாட்டி, எதிர்வெயிலில் படம் எடுத்தேன். அருமையாக வந்தது. மூலைகள் தூய்மையாக இருந்தன. அந்த நம்பிக்கையோடு லென்ஸைத் திரும்பவும் செனித்தில் பொருத்தினேன்.

பிழை அங்கேதான். அந்த டிஜிட்டல் கேமராவின் ஒளியுணரி சுமார் 24 மி.மீ. அகலம் மட்டுமே உடையது. பிலிமின் அகலமோ 36 மி.மீ. ஒரே லென்ஸ் சிறிய பரப்பில் மூலைக்கு மூலை ஏறத்தாழ 27 பாகைக் காட்சியையும், பிலிமில் 41 பாகைக் காட்சியையும் பதிக்கிறது. சிறியதற்கு இடையூறு செய்யாத குழல், பெரியதன் மூலைகளில் குறுக்கே நின்றது. கண் வைத்துப் பார்த்தபோதாவது தெரிந்திருக்கலாகாதா என்பீர்கள். செனித்தின் வியூஃபைண்டர் பிலிமில் விழுவதன் நடுப்பகுதியை மட்டுமே காட்டும். 24க்கு 36 மி.மீ. உள்ள படத்தில் 20க்கு 28 மி.மீ. அளவே அதில் தெரியும். நான் கண்டது குறையற்ற காட்சி. பதிந்தது வேறு.

பிலிமைக் கழுவிப் படம் வந்தது. பாட்டி நடுவில், வெள்ளைப் புடவையின் ஒவ்வொரு மடிப்பும் தெரிய, அத்தனை தெளிவாக அமர்ந்திருந்தார். பனி மூட்டம் சிறிதுமில்லை. ஆனால் நான்கு மூலைகளும் கரிய வில்லாக வளைந்திருந்தன. மேல் மூலைகளில் கூரையும் வானமும் போயின, அதனால் இழப்பில்லை. கீழே, இடப்புற ஓரத்தில், பாயில் அமர்ந்திருந்த கடைக்குட்டிப் பேத்தியின் முகத்தில் பாதியை அந்தக் கறுப்பு விழுங்கியிருந்தது. எடுத்த ஆறு படங்களும் அவ்வாறே. அந்தச் சிறுமி படத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பிறகு, “சாமி, நான் எங்கே?” என்று கேட்டாள். அவளுக்கு நான் என்ன விடை சொல்வது?

அடுத்த முறை எல்லாரும் வரும்போது மீண்டும் எடுப்போம் என்றேன். அடுத்த முறை அவர்கள் கூடியபோது பாட்டி இல்லை.

ஆகவே நீளம் பற்றிக் கவனமாகக் கேளுங்கள். 58 மி.மீ. லென்ஸைப் பிலிம் கேமராவில் பயன்படுத்தும்போது, ஹூட்டின் நீளம் 10 மி.மீ. கூடினால் அதன் வாய் 7.5 மி.மீ. அகல வேண்டும். இதனால்தான் இத்தகைய லென்ஸ்களுக்குரிய ஹூட்டுகள் புனல்போல் விரிந்து குட்டையாக இருக்கின்றன. நேர்குழலாக நீண்டவை தொலைவுக் காட்சி லென்ஸ்களுக்கு உரியவை. வடிகட்டிக் கண்ணாடி ஒன்றை இடையில் மாட்டினால் ஹூட் இன்னும் முன்னே தள்ளப்படும் என்பதையும் மறவாதீர்கள்.

சோதிக்க எளிய வழி உண்டு. பிலிம் இல்லாத கேமராவின் பின்கதவைத் திறவுங்கள். வேகத்தைக் காட்டும் குமிழை ‘பி’ என்னும் எழுத்துக்குத் திருப்பி, பொத்தானை அழுத்திப் பிடித்திருங்கள். திரை திறந்தே நிற்கும். குவியத்தை மிகத் தொலைவுக்கு வையுங்கள். அந்நிலையில்தான் காட்சி மிக விரிந்திருக்கும். துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்குங்கள். இப்போது பிலிம் அமரும் சட்டத்தின் மூலை ஒன்றில் கண்ணை வைத்து லென்ஸின் வழியே பாருங்கள். துளை முழுமையாகத் தெரிந்தால் ஹூட் தடுக்கவில்லை. பாதி மறைந்தாலோ முற்றும் மறைந்தாலோ அந்த மூலை படத்தில் இருண்டுபோகும். இவ்வாறே நான்கு மூலைகளிலிருந்தும் பாருங்கள். டிஜிட்டல் கேமராவாயின், வெளுத்த வானத்தையோ வெள்ளைச் சுவரையோ முழு வில்லையும் திறந்து ஒன்று, எஃப் 16இல் ஒன்று எனப் படமெடுத்து மூலைகளை நோக்குங்கள்.

கடையில் ஏற்றது கிடைக்காவிட்டால் கவலை வேண்டா. கறுப்புச் சார்ட் தாளைப் புனல் போல் சுருட்டி, ரப்பர் பட்டையால் லென்ஸின் வெளிப்புறத்தில் கட்டுங்கள். மூலை இருளத் தொடங்கும் வரை முன்னே நகர்த்துங்கள். பின் சற்றே உள்ளே இழுத்து நிறுத்துங்கள். அதுவும் இல்லையெனில், மற்றொருவர் உங்கள் அருகில் நின்று தொப்பியாலோ கையாலோ லென்ஸின்மேல் நிழல் விழச் செய்யலாம். வெயில் காட்சிக்குள்ளேயே இருக்குமானால் எந்த ஹூட்டும் பயன்படாது. அப்போது நீங்கள்தாம் இடம் மாறவேண்டும்.

அந்த நீண்ட குழல் இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ‘பிலிமுக்கு ஆகாது’ என்று அதன்மேல் வெள்ளைச் சாயத்தால் எழுதி வைத்திருக்கிறேன். அந்தச் சிறுமி இப்போது மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். சென்ற ஆண்டு அவள் தாத்தாவின் செனித்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, படம் எடுக்கக் கற்றுத் தாருங்கள் என்றாள். லென்ஸை மாட்டவும், துளையைச் சுருக்கவும் சொல்லித்தருவதற்கு முன்பே, பின்கதவைத் திறந்து நான்கு மூலைகளிலும் கண்ணை வைத்துப் பார்க்கச் செய்தேன்.

பொறுமையாக ஒவ்வொரு மூலையாகப் பார்த்துவிட்டு, “எல்லாம் தெரியுது சாமி” என்றாள்.