தன் பெயரைக் கேட்டு வெட்கப்பட்ட வள்ளல்!

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது கொல்லிமலை. காரவள்ளி வழியாக ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே செம்மேட்டில் வில்லாளி ஒருவனின் சிலை நிற்கிறது. அவன்தான் கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி.

ஆண்டுதோறும் ஆடி மாதம் அங்கே ஓரிக்கு அரசு விழா எடுக்கிறது. ஒரே அம்பில் ஐந்து உயிர்களை வீழ்த்தியவன் என்று அவனைப் புகழ்கிறார்கள். யானை, புலி, மான், பன்றி, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பு!

இந்தக் கதை புறநானூற்றின் 152-வது பாட்டில் இருக்கிறது. பாடியவர் வன்பரணர். அம்பைப் பேசுகிறவர்கள், அந்தப் பாட்டின் பாதியைத்தான் பேசுகிறார்கள். மறுபாதி அதைவிட உயர்ந்தது.

பாணர் கூட்டம் ஒன்று காட்டு வழியே வந்தது. வயிற்றில் பசி. எதிரே வேட்டைக்காரன் ஒருவன். ஆள் யார் என்று தெரியவில்லை. பார்த்தால் செல்வன் போல இருக்கிறான். 'ஓரியாக இருக்குமோ, இல்லையோ?' என்று சந்தேகம்.

எதற்கும் பாடிப் பார்ப்போம் என்று முழவைக் கட்டினார்கள், யாழை மீட்டினார்கள். முறைப்படி பாடி, 'கோ' என்று தலைவனை விளித்தார்கள்.

அவ்வளவுதான், வேட்டைக்காரன் நாணித் தலை கவிழ்ந்தான். அது அவனைக் குறிக்கும் பெயர்!

வந்தவர்கள் தங்கள் தேவையைச் சொல்ல வாயெடுத்தார்கள். அவன் சொல்ல விடவில்லை. மான் கறியும், உருக்கிய நெய் போன்ற மதுவும் கொடுத்தான். மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுத்தான். எல்லாம் நடுக்காட்டிலேயே! புகழைக் கேட்டு வெட்கப்படுகிற தலைவன் எந்தக் காலத்திலும் அபூர்வம்தான்.

அடுத்த பாட்டு இன்னும் வேடிக்கை. ஓரி கொடுத்ததைத் தின்று பசி தீர்ந்த கூட்டம், ஆடவும் மாட்டாமல் பாட்டையும் மறந்துவிட்டதாம்!

ஓரியிடம் வந்த எல்லோருக்கும் இப்படி வாய்த்ததா? இல்லை. கழைதின் யானையார் என்ற புலவரின் பாட்டு, 204-வது, அதைச் சொல்கிறது. பரிசு கிடைக்காதவர்கள் வள்ளலைப் பழிக்க மாட்டார்கள். புறப்பட்ட வேளையையும் சகுனத்தையும்தான் நொந்துகொள்வார்கள் என்கிறார். 'உன்னை வெறுக்கவில்லை, ஓரி' என்று முடிக்கிறார். அந்த மென்மையான சொல்லுக்குள் எவ்வளவு வருத்தம்!

பின்னர் மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்றான். கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். மலை கைமாறியது. ஓலையில் இருந்த பாட்டை உ.வே.சாமிநாதையர் 1894-இல் அச்சில் ஏற்றினார்.

விழா மேடையில் அம்போடு அந்த வெட்கத்தையும் சொல்ல வேண்டும். 204-வது பாட்டையும் மலைப்பள்ளிச் சிறுவன் ஒருவன் சொல்லட்டும். வள்ளலுக்கு அது குறைவு என்று யாரும் தயங்க வேண்டாம். வெறுங்கையோடு நின்ற புலவரே அவனைக் கோபித்துக்கொள்ளவில்லையே!