ஒன்றரை அடிச் சுவரும் பன்னிரண்டு ஆண்டும்: எதிரிடை அனுபோகம் குறித்துச் சங்கத்தின் நிலைப்பாடு

சுவர் கட்ட வந்த கொத்தனார் நூல் பிடித்துக்கொண்டே எல்லைக்கல் எங்கே என்று கேட்கிறார். "அந்த முருங்கைக்கு நேரா இருக்கும்" என்கிறார் வீட்டுக்காரர். பக்கத்து மனைக்காரர் ஊரில் இல்லை. சுவர் ஒன்றரை அடி தள்ளி எழும்பிவிடுகிறது. நாற்பது அடி நீளத்துக்கு அது 60 சதுர அடி. ஒரு சென்ட்டில் ஏழில் ஒரு பங்குகூடத் தேறாது. அந்தத் துண்டுக்காகத்தான் இரண்டு குடும்பங்கள் தலைமுறை தாண்டியும் முன்சீப் கோர்ட் வாசலில் நிற்கின்றன.

1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, அடுத்தவர் கைப்பற்றிய தனியார் நிலத்தை மீட்க 12 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். தவறினால் உரிமையே அற்றுப்போகும் என்கிறது அதன் 27ஆம் பிரிவு. இதுவே எதிரிடை அனுபோகம். அரசு நிலமென்றால் கெடு 30 ஆண்டு. ஊருக்கு ஊர் வி.ஏ.ஓ. வைத்திருக்கும் அரசுக்கு 30, துபாயில் வேலை பார்த்துக்கொண்டு மனையை மாமனாரை நம்பி விட்டுப்போனவருக்கு 12!

பலரும் நினைப்பதுபோல, நெடுநாள் இருந்தாலே நிலம் சொந்தமாகிவிடாது. அனுபோகம் வெளிப்படையாக, இடைவிடாமல், உரிமையாளருக்கு எதிராக நடந்திருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர், தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வைத்தவர், அனுமதியின் பேரில் மாட்டுக் கொட்டகை போட்டவர் ஆகியோர் அந்த நிலையிலேயே இருந்துகொண்டு எத்தனை ஆண்டு கழிந்தாலும் இந்த உரிமையைக் கேட்க முடியாது. கோருபவரே எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டும்.

கோளாறு இங்கேதான் தொடங்குகிறது என்பது சங்கத்தின் கருத்து. எதிரிடை எண்ணம் இருந்ததா என்று கோர்ட் கேட்கும்போது, தன் இடம் என்று நம்பி அரை அடி தள்ளிக் கட்டியவர் பதில் சொல்லத் திணறுகிறார். ஆளில்லாத நேரம் பார்த்து வேலியை நகர்த்தியவருக்கோ வாதம் சுலபம். நல்லெண்ணத்தோடு தவறியவரைக் கைவிட்டுத் துணிந்து எடுத்தவருக்குக் கைகொடுக்கும் சட்டத்தை நியாயம் என்று எப்படிச் சொல்வது?

உச்ச நீதிமன்றமும் 2008இல் ஹேமாஜி வாகாஜி வழக்கில் இந்தச் சட்டம் பகுத்தறிவுக்குப் பொருந்தாதது என்று சாடி, மத்திய அரசு மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. தனியார் நிலத்துக்கு இப்படி உரிமை கொண்டாடிய ஹரியானா போலீசும் 2011இல் அதே மன்றத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டது. ஆனால் 2019இல் ரவீந்தர் கௌர் கிரேவால் வழக்கில், அனுபோகக்காரர் தானே வாதியாகவும் வழக்குப் போடலாம் என்று மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அதுவரை கேடயமாக இருந்தது வாளாகவும் ஆகிவிட்டது. 22ஆவது சட்ட ஆணையம் 2023இல் தன் 280ஆம் அறிக்கையில் மாற்றமே தேவையில்லை என்றது. அதன் அலுவல்சார் உறுப்பினர்கள் இருவர் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தனர். சங்கம் அந்த இருவர் பக்கம்.

சட்டத்தையே தூக்கியெறியச் சங்கம் கேட்கவில்லை. இங்கிலாந்தும் வேல்ஸும் 2002இல் ஒரு வழி கண்டன. பதிவான நிலத்தில் 10 ஆண்டு இருந்தவர் விண்ணப்பித்தால் உரிமையாளருக்கு முதலில் நோட்டீஸ் போகும். அவர் ஆட்சேபித்தால், ஆக்கிரமித்தவரை வெளியேற்ற இரண்டு ஆண்டு அவகாசம் கிடைக்கும். பக்கத்து நில எல்லையைத் தன்னுடையது என்று நியாயமாக நம்பியவருக்கு மட்டும் தனி விலக்கு உண்டு. இந்தியாவில் பதிவாவது பத்திரம்தான், உரிமை அல்ல. அதனால் அப்படியே பெயர்த்து நட முடியாது. ஆனாலும் உரிமையாளருக்கு நோட்டீஸ் போகாமல் காலக்கெடு முடியக் கூடாது, தெரிந்தே ஆக்கிரமித்தவருக்கு உரிமை கிடைக்கக் கூடாது, அறியாமல் நேர்ந்த எல்லைப் பிசகை இழப்பீடு கொடுத்துத் தீர்க்க வழி வேண்டும் என்கிற மூன்றையும் காலவரையறைச் சட்டத்திலேயே சேர்க்கலாம்.

சட்டம் திருந்தும்வரை கல்தான் காவல். பழைய பத்திரங்களின் நான்கெல்லையில் "இன்னார் வீட்டுக்குக் கிழக்கு" என்றிருக்கும். அந்த இன்னாரும் இல்லை, வீடும் இல்லை. எல்லைக் கற்களைப் பராமரிப்பது நிலம் வைத்திருப்பவரின் கடமை என்று 1923ஆம் ஆண்டு நில அளவை, எல்லைகள் சட்டமே சொல்கிறது. கிரயம் பதியும் முன் சர்வேயர் புலப்படத்தோடு வந்து அளந்து மூலைக்கல் நடுவதைத் தமிழக அரசு கட்டாயமாக்க வேண்டும்.

வெளியூரில் இருக்கும் மனைக்காரர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று சங்கம் கேட்டுக்கொள்கிறது. பக்கத்து வீட்டார் இடத்தைப் பயன்படுத்தினால், அனுமதியின் பேரில்தான் என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம். வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட வேண்டாம். நோட்டீஸால் 12 ஆண்டுக் கணக்கு நிற்பதில்லை. வழக்குத் தாக்கலான தேதியில்தான் நிற்கும்.