வீடு மட்டும் போதுமா?

ஹேவாஹெட்டையைச் சேர்ந்த லூல்கந்துரவில் 1867-இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அவர் பெயர் வரலாற்றில் நின்றது. உழைத்த தமிழனுக்கோ லயக்காம்பராவே மிஞ்சியது! 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. அம்மக்களின் சம்மதத்தைக் கேட்டார் எவருமிலர். அதே இந்தியா இன்று மலையகத்தில் வீடு கட்டித் தருகிறது. நன்றி! ஆயின் கூரை கூழ் ஊற்றுமா?

“கொழுந்து பறிப்பவனுக்கு ஆலை நடத்தத் தெரியுமா?” என்பர் சிலர். நீலகிரியின் குந்தாவைப் பாருங்கள்! 1962-இல் அங்கே எழுந்த கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை சிறு விவசாயிகளுடையதே. அந்த அனுபவம் கடல் கடந்து வரட்டும். கொழும்பு நிலம் தரட்டும். தில்லி இயந்திரமும் பயிற்சியும் தரட்டும். நாம் கேட்பது பிச்சையன்று, உழைப்பின் பங்கு!