கொழுப்பு யாருக்கு?

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நின்று பாருங்கள். ‘வெள்ளாடுதானே? செம்மறின்னா வேணாம்ப்பா, கவுச்சி அடிக்கும்!’ கடைக்காரரும் கூசாமல், ‘வெள்ளாடுதான் சார்’ என்பார். அந்தப் பொய்யைச் சொல்ல வைப்பது யார்? நாம்தான்.

மேச்சேரி, ராமநாதபுரம் வெள்ளை என்று ஊர்ப் பெயரிலேயே செம்மறி இனங்கள் வைத்திருக்கிற தமிழ்நாட்டில் இப்படி ஒரு இளக்காரம்!

வாடை பெரும்பாலும் கறியில் இல்லை, கொழுப்பில் இருக்கிறது. வயது ஏற ஏறக் கூடும். காயடிக்காத கிடா என்றால் கேட்கவே வேண்டாம். வெள்ளாட்டுக் கிடாவும் இதற்கு விலக்கில்லை.

நாம் என்ன செய்கிறோம்? பாக்கெட் மசாலாவைக் கொட்டுகிறோம். குளிக்காமல் சென்ட் அடிக்கிற கதை!

இளம் ஆடாகக் கேளுங்கள். வெள்ளைக் கொழுப்பையும் சவ்வையும் நீக்கச் சொல்லுங்கள். தயிர், மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு விழுதில் ஒரு மணி நேரம் ஊறட்டும். சூடாகச் சாப்பிடுங்கள். ஆறினால் ஆட்டுக்கொழுப்பு உறைந்து மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டும்.

அப்புறமும் பிடிக்கலையா? விட்டுவிடுங்கள். உங்கள் நாக்கு, உங்கள் உரிமை. ஆனால், சமைக்கத் தெரியாமல் செம்மறி மேல் பழி போடுகிறோம் பாருங்கள்... அந்தக் கொழுப்பை எந்தக் கடைக்காரரும் நீக்கித் தர மாட்டார்!