பாஷ்யகாரர்களும் கணினியும்

1986ஆம் ஆண்டு டிசம்பரில் பெங்களூரில் கூடிய ஒரு தேசிய மாநாட்டில், வியாகரணத்தையும் நியாய, மீமாம்ஸா சாஸ்திரங்களையும் வாழ்நாளெல்லாம் பயின்ற பண்டிதர்களும் கணினி விஞ்ஞானிகளும் ஒரே சபையில் அமர்ந்து, வாக்கியத்தின் பொருளை யந்திரம் கையாளும் வண்ணம் அமைப்பது எங்ஙனம் என்று விசாரித்தார்கள். முந்திய ஆண்டில் ரிக் பிரிக்ஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் சம்ஸ்கிருதத்தையும் கணினியையும் இணைத்து எழுதிய கட்டுரை அவ்விசாரணைக்கு உற்சாகமூட்டியிருந்தது. சம்ஸ்கிருதமே கணினிக்கு உகந்த பாஷை என்று பிற்பாடு பரவிய மிகைப்பேச்சு எனக்கு உடன்பாடன்று. ஆனால் பண்டிதரை விஞ்ஞானிக்குச் சமமாக உட்காரவைத்த அந்த ஏற்பாடு மிகச் சரியானது.

சமய நூல்களை யந்திரத்திடம் ஒப்படைக்கும் முயற்சி இதற்கு முன்பும் நடந்ததுண்டு. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் 1970களில் தான் சார்ந்த திருச்சபையின் நூல்களைக் கணினியால் மொழிபெயர்க்க முனைந்தது. அம்முயற்சியில் உழைத்தோரில் சிலர் பின்னர், யந்திரமே முழுதும் பெயர்ப்பதை விட்டு, மனித மொழிபெயர்ப்பாளருக்குத் துணைபுரியும் கருவிகளை நாடினார்கள்.

சாஸ்திர நூல்களை யந்திரத்தால் பெயர்ப்பதில் நமக்கோ சிக்கல் இன்னும் ஆழமானது. சங்கரர், ராமானுஜர், மத்வர் ஆகியோரின் மரபுகளுக்கு முறையே உரிய சிருங்கேரியும் மேலுகோட்டையும் உடுப்பியும் இக்கர்நாடகத்திலேயே இருக்கின்றன. ஒரே பிரம்ம சூத்திரத்துக்கு இம்மூவரும் மூன்று சித்தாந்தங்களின்படி பாஷ்யம் செய்திருக்கையில், ஒற்றை மொழிபெயர்ப்பை நீட்டும் யந்திரம், தான் யார் வழி நிற்கிறது என்று சொல்லாமலே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. படிப்பவரோ அதையே மூலத்தின் வாக்கு என்று நம்பிவிடுகிறார். இது சிறிய குற்றமன்று. ஆகையால், இன்று பெங்களூரில் இந்நூல்களைப் பெயர்க்கும் மென்பொருள் செய்வோர், ஒவ்வொரு பெயர்ப்பின் அருகிலும் அது எந்தப் பாஷ்யத்தைத் தழுவியது என்று குறித்து, ஏனைய பாஷ்யகாரர்களின் பொருளையும் பக்கத்திலேயே காட்ட வேண்டும். அப்பெயர்ப்புகளைப் பரிசோதிக்கும் பண்டிதருக்குப் பொறியாளருக்கு நிகரான ஊதியமும் அளிக்க வேண்டும்.