வானத்தின் பால்யமும் வரவு செலவும்

பிரபஞ்சத்தின் பால்யத்தை மனிதன் பார்க்கக்கூடுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்து விட்டது. 2021 டிஸம்பர் 25இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தூரதர்சினி, 1380 கோடி ஆண்டு வயதுள்ள இப்பிரபஞ்சம் பிறந்து சுமார் 29 கோடி ஆண்டுகளே சென்றிருந்த காலத்து நக்ஷத்திர மண்டலம் ஒன்றை 2024இல் காட்டிற்று. அதில் பிராணவாயு இருப்பதைச் சில்லி தேசத்திலுள்ள ஆல்மா ரேடியோ தூரதர்சினி 2025இல் கண்டது. பிராணவாயு நக்ஷத்திரங்களின் கர்ப்பத்தில் உண்டாவது. ஆகவே அவ்வளவு இளம் பருவத்திலேயே நக்ஷத்திரங்களில் ஒரு தலைமுறை பிறந்து மடிந்தும் விட்டதென்று ஏற்படுகிறது.

ஆனால் இத்தகைய மண்டலங்கள் இருப்பதைக் கண்டோமேயன்றி, அவற்றின் அங்கங்களைத் தெளிவாகக் கண்டோமில்லை. இக்குறையைத் தீர்க்கவே, அமெரிக்க வான சாஸ்திரிகள் 12 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியுடன் ஒரு விண்வெளித் தூரதர்சினி வேண்டுமென்று 2015இல் யோசனை கூறினர். 1990இல் ஏவிய ஹப்பிளின் கண்ணாடி 2.4 மீட்டர். விட்டம் ஐந்து மடங்கானால் திரளும் ஒளி இருபத்தைந்து மடங்காகும். நுண்மையும் ஐந்து மடங்காகும். பிரபஞ்சம் விரிந்துகொண்டே வருவதால், குறித்த ஒரு தூரத்துக்கு அப்பாலுள்ள மண்டலங்கள் மேன்மேலும் சிறுத்துத் தோன்றுவதில்லை. ஆதலின் அக்கண்ணாடி எத்தொலைவிலுள்ள மண்டலத்திலும் சுமார் 325 ஒளியாண்டு அளவுள்ள பகுதியைப் பிரித்துக் காட்டும் என்று அவர்கள் கணக்கிட்டனர். நமது பால்வீதியின் அகலம் ஏறக்குறைய ஒரு லக்ஷம் ஒளியாண்டு. அதையொத்த மண்டலங்கள் எவ்வாறு உருவாயின, எம்மூலையில் நக்ஷத்திரங்கள் முளைத்தன என்பதை அப்போது பகுதி பகுதியாகப் பார்க்கலாம்.

இவ்வளவு பணத்தை வானத்தில் இறைப்பதா என்று கேட்பாருண்டு. கேள்வி நியாயமானதே; பொதுஜனப் பணத்துக்குக் கணக்குக் கேட்பது பிரஜைகளின் உரிமை. ஆயின் அனுபவம் சொல்வதையும் கேட்க வேண்டும். செலவு மிஞ்சியதென்று ஜேம்ஸ் வெப் வேலையையே நிறுத்திவிட அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் கமிட்டி ஒன்று 2011இல் பிரேரேபித்தது. அது நிறைவேறியிருந்தால் அதுவரை செலவிட்டதும் பாழ். மேற்கூறிய மண்டலமும் நம் கண்ணுக்கு எட்டியிராது. முடிவில் செலவு ஏறக்குறைய 1000 கோடி டாலராயிற்று. எனினும், அது பல்லாண்டுகளில் சிறுகச் சிறுகப் பகிர்ந்து செலவான தொகை என்பதை மறத்தலாகாது.

2021இல் அமெரிக்க தேசீய விஞ்ஞானக் கழகங்கள் 6 மீட்டர் அளவுள்ள தூரதர்சினியையே சிபார்சு செய்தன. அந்நிய சூரியர்களைச் சுற்றும் கிரகங்களில் உயிரின் அடையாளத்தைத் தேடுவது அதன் முதல் வேலை. மதிப்பீடு 1100 கோடி டாலர். ஏவும் காலம் 2040க்குப் பின். 12 மீட்டரினும் 6 மீட்டரில் திரளும் ஒளி கால்பங்கே. இக்குறைவைக்கூடப் பொறுக்கலாம். இடையில் கைவிடுதலைப் பொறுக்க முடியாது. நாஸாவின் விஞ்ஞானச் செலவை ஏறக்குறையப் பாதியாக வெட்டும் யோசனை 2025இல் அந்நாட்டு அரசாங்கத்தாலேயே கிளப்பப்பட்டதால் இதை வற்புறுத்துகிறோம்.

கண்ணாடியின் அளவைப் பற்றித் தீர விவாதிக்கட்டும். செலவைக் கண்டிப்பாகத் தணிக்கை செய்யட்டும். தொடங்கிய பின் வருஷந்தோறும் மனம் மாறுவது மட்டும் கூடாது. ஆயிரங்கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளி நம்மை நாடி வந்துகொண்டிருக்கிறது. அதை ஏற்க இருபது ஆண்டுப் பொறுமை வேண்டுமென்பது அதிகமாகாது என்பதே நமது அபிப்பிராயம்.